வரிசையில் மூன்றாவதாக அப்பா

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் காய்ச்சல் சளி எதுவும் இல்லாமல் நல்லபடியாக இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். இங்கே நாங்களும் அப்படியே என்று எழுதத்தான் கை போனது, ஆனால் அப்படி எழுதினால் முதல் வரியே பொய்யாகிவிடும், பொய் சொல்லி நான் பட்டது போதும். பதினோரு நாளாக நீ போனை எடுக்கவில்லை. உன்னைக் குறை சொல்லவில்லை. "அப்பாவ விட உனக்கு அந்த நோட்டு பெருசாம்மா?" என்று கேட்டுவிட்டு வைத்தாயே, அதற்கு அன்று எனக்கு வாய் வரவில்லை. கடிதம் என்றால் நீ குறுக்கே பேச முடியாது, அதனால்தான் இது. கோபமாகவே படி, ஆனால் முழுசாகப் படி.

முதலில் அப்பாவைப் பற்றி. இரண்டு சிறுநீரகமும் போன உடம்புக்கு வாரம் மூன்று தடவை ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும், அவருக்குக் கிடைப்பது ஒரு தடவை, அதுவும் நாலு மணி நேரம் பஸ்ஸில் போய். அங்கேயும் அதற்கு மேல் இடம் இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள். கால் வீங்கிக் கிடக்கிறது, இரண்டு தலையணை வைத்தால்தான் மூச்சு விட முடிகிறது. தண்ணீரை நான்தான் அளந்து கொடுக்கிறேன், டம்ளரை வாங்கும்போது என்னைப் பார்க்கிற பார்வையை எழுத முடியாது. ஆனாலும் அவர் அவர்தான். முப்பது வருஷம் அச்சகத்தில் பிழை திருத்தின கண் சும்மா இருக்குமா, போன வாரம் பரிசோதனைக்கு வந்தபோது நான் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியின் அறிவிப்புப் பலகையில் ஒரு ஒற்றெழுத்து விட்டுப்போயிருக்கிறது என்று காவலாளியிடம் சொல்லிவிட்டுத்தான் உள்ளே வந்தார். மூச்சு வாங்குகிறது, இதில் ஒற்றெழுத்து வேறு.

இப்போது அந்த நோட்டுக்கு வருகிறேன். எங்கள் டயாலிசிஸ் வார்டில் எட்டு மிஷின். அவற்றுக்குக் காத்திருப்பவர்களின் பெயர்கள் ஒரு நோட்டில் தேதி வரிசையில் இருக்கும், யாருக்கு எந்த நாள் எந்த மிஷின் என்று அதைப் பார்த்து அட்டவணை போடுவது வார்டு பொறுப்பாளரான நான். ஏழு வருஷத்துக்கு முன் அது என் கைக்கு வந்த அன்று, துணி மாற்றும் அறையில் நின்று கடவுளிடம் ஒன்று சொன்னேன். இது என்னுடையதில்லை, உன்னுடையது, நீ சொல்கிற வரிசையில் நான் எழுதுகிறேன், அவ்வளவுதான் என்று. அப்போது நீ கல்லூரியில் இருந்தாய், அப்பா மாடிப்படியை இரண்டு இரண்டாக ஏறிக்கொண்டிருந்தார். கஷ்டம் இல்லாத நேரத்தில் கொடுக்கிற வாக்கு எவ்வளவு சுலபமாக வாயில் வருகிறது பார்.

போன மாதம் ஒருவருக்கு அவருடைய அக்கா சிறுநீரகம் கொடுத்து ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, அவர் இடம் காலியானது. நோட்டில் முதல் பெயர் கேன்டீனில் சமைக்கிற அம்மாவுடையது, இரண்டாவது ஒரு லாரி டிரைவர், மூன்றாவது அப்பா. பெரிய டாக்டர் என் மேஜைக்கே வந்து, "சிஸ்டர், உங்க வீட்டுக்காரர் பேரைப் போட்டுடுங்க, நான் கையெழுத்துப் போடறேன். இத்தனை வருஷம் உழைச்சிருக்கீங்க, யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டாங்க" என்றார். நல்ல மனிதர், நல்ல மனசோடுதான் சொன்னார். அதுதான் என்னைச் சாய்த்தது.

நீ நினைக்கிற மாதிரி நான் கல் இல்லை. பெயரைப் போட்டேன். மைப் பேனாவில், என் கையெழுத்தில், அடுத்த வார அட்டவணையில் ஒன்றாம் மிஷினுக்கு நேரே அப்பா பெயரை எழுதி இழுப்பறையில் வைத்தேன். நெஞ்சு லேசாகிவிட்டது. அன்று மத்தியானம் சோறு கூட ருசித்தது. கடவுளுக்கும் புருஷன் பெண்டாட்டி என்றால் என்ன என்று தெரியாதா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் காலை சாப்பாட்டு நேரம் முடிந்ததும் கேன்டீன் அம்மா வந்தார். வீங்கிய காலில் செருப்பு நுழையாததால் அதைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு வாசலிலேயே நின்றார். அஞ்சு மாதமாக வாரம் தவறாமல் வருகிறவர். "இடம் ஏதாச்சும் வந்துச்சா சிஸ்டர்? தொந்தரவு பண்றேன்னு நினைக்காதீங்க" என்றார். நான் தலையைத் தூக்காமல், "இன்னும் வரலைம்மா" என்றேன். "பரவாயில்ல, வந்தா நீங்க சொல்லாமலா இருப்பீங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

அந்த வார்த்தைதான் கண்ணு. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். துணி மாற்றும் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன், ஜெபம் கூட வரவில்லை, மன்னித்துவிடு என்று கேட்கக்கூட வாய் கூசியது. அவர் மாடிப்படி தாண்டுவதற்குள் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். இடம் வந்துவிட்டது, திங்கட்கிழமை ஏழு மணிக்கு வாங்க, முதலில் சொன்னது பொய் என்றேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். திரும்பி வந்து அட்டவணையைக் கிழித்துப் புதிதாக எழுதினேன். பெரிய டாக்டர் கையெழுத்துப் போடும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

அப்பாவிடம் அன்று சாயங்காலமே சொன்னேன். பெரிய மனசோடு தட்டிக்கொடுத்தார் என்று எழுத ஆசைதான், அப்படி நடக்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இரண்டு நாள் தண்ணீர் வேண்டும் என்று கேட்கக்கூட என்னிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் சட்டைக்குப் பொத்தான் போட்டுவிடும்போது சொன்னார். "நீ என் பேரைப் போட்டிருந்தா நான் யாரு என்னன்னு கேட்காம போய்ப் படுத்திருப்பேன். அதை நினைச்சாத்தான் எனக்குப் பயமா இருக்கு." அவ்வளவுதான். அதன் பிறகு பேசுகிறார், ஆனால் பொத்தானைத் தானே போட்டுக்கொள்ளப் பார்க்கிறார், விரல் வளையவில்லை.

கேன்டீன் அம்மாவுக்கு வீக்கம் வற்றிவிட்டது, செருப்புப் போட்டுக்கொண்டு வருகிறார். நான்தான் ஊசி போடுகிறேன். "உங்க கை மட்டும் வலிக்கவே இல்ல சிஸ்டர்" என்கிறார்.

இதோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதம் வேண்டியதில்லை. அப்பா இப்போது வரிசையில் இரண்டாவது. லாரி டிரைவருக்கு ஒன்று, அவருக்கு ஒன்று என்று இரண்டு இடம் காலியாக வேண்டும். ஐந்தாம் மிஷினில் கடிகாரம் பழுதுபார்க்கிற பெரியவர் ஒருவர், பாதியிலேயே பிரஷர் இறங்கிவிடும். போன வியாழக்கிழமை அப்படி இறங்கியது. ஓடினேன், காலைத் தூக்கி வைத்தேன், செய்ய வேண்டியது எல்லாம் செய்தேன், பிழைத்துக்கொண்டார். ஆனால் ஓடுவதற்கு முன் ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, என் மனசு எண்ணியது. ஒன்று என்று எண்ணியது. யாரிடமும் சொல்லவில்லை, அப்பாவிடம் கூட. உன்னிடம்தான் சொல்கிறேன். பெயரைக் கிழித்தால் போய்விடும் என்று நினைத்தேன், அது போகவில்லை, தினமும் காலையில் எனக்கு முன்னால் வார்டுக்கு வந்து நிற்கிறது. அப்பாவின் முறை வரும்வரை நோட்டை வேறு யாரிடமாவது கொடுங்கள் என்று பெரிய டாக்டரிடம் கெஞ்சிப் பார்த்தேன். "உங்களை விட்டா யாரை நம்பிக் கொடுக்கிறது?" என்கிறார்.

ஆகவே உன் கேள்விக்குப் பதில், நோட்டு பெரிசில்லை. அப்பா இல்லாத வீட்டில் அந்த நோட்டை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப் போகிறேன். அவரைக் காப்பாற்று என்றுதான் நானும் மன்றாடுகிறேன், எந்த வழியில் என்று சொல்ல வாய் வரவில்லை, ஏனென்றால் எனக்குத் தெரிந்த வழி எல்லாம் இன்னொருவருடைய படுக்கை வழியாகப் போகிறது. நீ கும்பிடும்போது அப்பாவுக்காகக் கேள், என் கைக்காகவும் கேள். எனக்கு என்மேல் நம்பிக்கை குறைந்துகொண்டே வருகிறது.

லீவு கிடைத்தால் வா. சமாதானம் ஆகிவிட்டுத்தான் வரவேண்டும் என்று இல்லை, என்னோடு பேசாமலே அப்பா பக்கத்தில் நாலு நாள் உட்கார்ந்துவிட்டுப் போ. அவளைத் தொந்தரவு பண்ணாதே என்கிறார், ஆனால் வாசலில் வண்டி நின்றால் தலையைத் தூக்குகிறார். தள்ளிப்போடாதே கண்ணு, நான் இருபத்தாறு வருஷம் நர்ஸ், அந்த மூச்சு எனக்குத் தெரியும்.

நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் கடவுள் நிழலில் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும். குளிருக்குக் குட்டியின் காதை மூடி அனுப்பு.

என்றும் உன்,
அம்மா