சூட்டுத் தழும்பும் குளிர்ந்த பசையும்

அத்தான்,

யாரும் நம்பாத ஒரு கதையை இன்று எழுதப் போகிறேன். ஈரேழு பதினாலு லோகத்திலும் இதை நம்ப ஒரு சீவன் கிடையாது என்று, கடம்பூர் போளியின் மேல் கைவைத்துச் சத்தியம் செய்கிறேன். நீங்கள் மட்டும் நம்புவீர்கள். அடித்தவர் நீங்கள்தானே.

இன்று காலை ஸ்கேன் சென்டரில் என்னைப் படுக்கவைத்து, ஒரு பெண் என் தொந்தியில் அந்தப் பசையைப் பிழிந்தாள். சில்லென்றது. "மூச்சை இழுத்துப் பிடிங்க சார்" என்றாள். நான் சிரித்துவிட்டேன். தொந்தி குலுங்கிய குலுங்கலில் மெஷினுக்குள் என் ஈரல் பூகம்பத்தில் மாட்டிய ஊர்போல ஆடியிருக்கும். இந்த ஒரு சொட்டுப் பசைக்காகக் கரிசல் பூமியில் ஒரு மகாயுத்தமே நடந்தது என்று அவளிடம் எப்படிச் சொல்வேன்?

எண்பதுகளின் நடுவில், ஒரு கோடை. உங்கள் மகன் கண்ணனுக்கு அப்போது ஐந்து வயது. காய்ச்சல் விடவே இல்லை. வலது விலாவுக்குக் கீழே புடைத்து, விரல் பட்டாலே அலறினான். நீங்கள் லாரியில் தீப்பெட்டி லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போயிருந்தீர்கள். உங்கள் அண்ணன் அது வயிற்றுக்கட்டிதான் என்று முடிவுகட்டி, கம்பியைக் காய்ச்சி, பிள்ளையின் வயிற்றில் ஒரு இழுப்பு இழுத்துவிட்டார். என் அக்கா குறுக்கே விழுந்து மறித்தாள். "பிள்ளை ஒனக்கு வேணுமா வேண்டாமா?" என்று அவளைத் தள்ளிவிட்டார்.

நீங்கள் வந்து இறங்கினீர்கள். பிள்ளையின் சட்டையைத் தூக்கிப் பார்த்தீர்கள். அண்ணனை அலாக்காகத் தூக்கிப் வாசலில் அடுக்கியிருந்த பருத்திமார்ப் படப்பின் மேல் எறிந்தீர்கள். படப்பு சரிந்து பக்கத்து ஊரில் போய் விழுந்தது. அந்தக் கம்பியை முழங்காலில் வைத்து வளைத்த சத்தத்தில் குளத்தூர் வரைக்கும் நாய்கள் ஊரைக் காலி செய்தன. உங்கள் பெயரைக் கேட்டால் ஏழு ஊர் ஆம்பிளைக்கும் ஈரக்குலை நடுங்கும். கிணற்றில் குளிக்கும்போதுகூடப் பனியனைக் கழற்றாத மனுசன். சண்டைக்கு எப்போதும் தயாராக உடுத்தியிருப்பதாகத்தான் நான் நினைத்திருந்தேன்.

அண்ணனுக்குப் புருவம் கிழிந்து ரத்தம் கண்ணை மூடிவிட்டது. அப்படியும் எழுந்து நின்றார். "வெள்ளிக்கெழம இன்னொரு சூடு இருக்குலே. ஒண்ணோட விட்டா கட்டி உள்ள எறங்கிரும்."

கோவில்பட்டி டாக்டர் பையனைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஈரல் வீங்கியிருக்கிறது, உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியவில்லை, மதுரையில் புதிதாக ஒரு மெஷின் வந்திருக்கிறது, அறுக்காமலே உள்ளே பார்க்கலாம், உடனே போங்கள் என்றார். மறுநாள் காலையிலேயே லாரியை எடுத்தீர்கள். பிள்ளை என் மடியில்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. கேட்டுக்கு முன்னால் மாட்டுவண்டியைக் குறுக்கே போட்டு, கையில் அருவாளோடு உங்கள் அண்ணன்.

"பொம்பளையளுக்குப் பிள்ளை பாக்குத மிசினாம்லா அது! ஆம்பளப் பயலக் கொண்டு போயி எத்தன மாசம்னா கேக்கப் போற?"

கேட்டில் காத்து நின்ற கூட்டம் சிரித்தது. சிரித்தவர்கள் அறுபது பேர். அறுபது மூக்கும் அன்று தரையைத் தொட்டன. நீங்கள் ஓங்கிய முழங்கை பின்னால் வந்து என் முன்பல்லைப் பெயர்த்தது. அது பறந்துபோய்க் கைகாட்டி மரத்தில் பட்டு, இறங்கியிருந்த கைகாட்டி மேலே ஏறி, வந்த ரயில் நின்றேவிட்டது. பயணிகள் எல்லாம் சன்னலில் தலையை நீட்டி வேடிக்கை பார்த்தார்கள்.

அந்தக் களேபரத்தில் அண்ணன் லாரிக் கதவைத் திறந்து கண்ணனின் காலைப் பிடித்து இழுத்தார். பிள்ளை வீறிட்டான். நீங்கள் அவர் குரல்வளையைப் பிடித்துவிட்டீர்கள். முகம் கறுத்துக்கொண்டு வந்தது. அந்த நிலையிலும் அவர் விடவில்லை.

"சின்னப் பிள்ளையில ஒன்னயப் பொழைக்க வச்சதே சூடுதாம்லே! நாந்தான காலப் புடிச்சேன்!"

உங்கள் பிடி தளர்ந்தது.

"புடிச்சத நீ இன்னும் விடலண்ணே. இப்பவும் சொப்பனத்துல ஒதறுதேன்."

சொல்லிவிட்டு அவரைப் பள்ளத்தில் தள்ளி, மாட்டுவண்டியை ஓரமாக இழுத்துப் போட்டீர்கள். கேட் திறந்தது.

மதுரையில், இருட்டாக்கிய ஒரு சின்ன அறை. டாக்டரம்மா வயர் தொங்கும் அந்தக் கருவியைக் கையில் எடுத்ததும் கண்ணன் அதைக் கம்பி என்றே நினைத்துவிட்டான். "சூடு வேண்டாம்ப்பா!" என்று கத்தி, அந்தம்மா மணிக்கட்டை ரத்தம் வரக் கடித்தான். மெஷினை உதைத்தான்.

"இப்படித் துள்ளுனா எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்றார் அவர், கையைத் துடைத்துக்கொண்டே. "உள்ள சீழ்க்கட்டி இருந்தா இவன் திமிறுறதுலயே உடைஞ்சிரும். உடைஞ்சா பிள்ளை தங்காது. அமுக்கியும் பிடிக்காதீங்க."

அடியைத் தவிர வேறு வித்தை தெரியாத உங்களுக்கு அங்கே வேலையே இல்லாமல் போயிற்று. "மாப்ள, காலப் புடி" என்றீர்கள். பிடித்தேன். பிள்ளையின் கால்மேல் இருந்த என் கைகளைப் பார்த்தீர்கள். அடுத்த நொடி என் கன்னத்தில் இடி விழுந்தது.

"விடுலே!"

பிறகு பிள்ளையை இறக்கிவிட்டு, சட்டையைக் கழற்றினீர்கள். பனியனையும். உங்கள் வயிற்றில், தொப்புளுக்கு மேலே, மண்புழு ஊர்ந்ததுபோல மூன்று தழும்புகள். மேசையில் ஏறி மல்லாந்தீர்கள்.

"ஏலே கண்ணா, அப்பாவுக்கு நீ போடு."

டாக்டரம்மா உங்கள் வயிற்றில் பசையைப் பிழிந்துவிட்டு, கருவியைப் பையன் கையில் கொடுத்தார். அவன் அதைத் தழும்பின் மேலேயே வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினான்.

"சுடுதாப்பா?"

"இல்லடே. கெணத்துத் தண்ணி மாதிரி குளுருது."

திரையில் உங்கள் ஈரல் தெரிந்தது. சிங்கத்தின் ஈரல், இரண்டு ஆள் உயரம், நடுவில் கட்டைமீசை. அதைப் பார்த்த மெஷினே எழுந்து ஒரு கும்பிடு போட்டது. கண்ணன் சிரித்தான். தானே மேசையில் ஏறிப் படுத்து, சட்டையைத் தூக்கிக்கொண்டான்.

அவன் ஈரல் சாம்பல் நிறத்தில் தெரிந்தது. நடுவில் ஒரு கறுத்த குளம். "சூடு போட்ட எடத்துக்கு நேர் கீழதான் இருக்கு. இன்னொரு சூட்டுக்கு இவன் துள்ளியிருந்தா உடைஞ்சிருக்கும்" என்றார் டாக்டரம்மா. அன்றே, திரையைப் பார்த்தபடி ஊசியை இறக்கிச் சீழை எடுத்தார்கள்.

திரும்பி வரும்போது உங்கள் அண்ணன் அதே கேட்டில் உட்கார்ந்திருந்தார். நீங்கள் பிள்ளையை அவர் மடியில் போட்டீர்கள். வயிற்றைத் தடவினார், வீக்கம் இல்லை. அழுதார். அதற்கப்புறமும் நீங்கள் இருவரும் ஒரு சுற்று அடித்துக்கொண்டீர்கள், பழக்கம் விட்டுப்போகக் கூடாதே என்று.

போன ஆடியில் நீங்கள் போய்ச்சேர்ந்துவிட்டீர்கள். இன்று என்னை ஸ்கேனுக்கு இழுத்துவந்தவன் கண்ணன்தான். தலை நரைத்துவிட்டது பயலுக்கு. வெளியே என் செருப்புக்குக் காவல் இருந்தான்.

உங்களிடம் மட்டும் சொல்கிறேன். படப்பு பக்கத்து ஊரில் விழவில்லை. அறுபது பேர் கிடையாது, ஒரு டீக்கடைக்காரரும் இரண்டு மாடும்தான். ரயில் அதுபாட்டுக்குப் போனது. என் பல் போனது கடலைமிட்டாயில். எதையும் யாரும் நம்ப வேண்டாம்.

ஆனால் இதில் ஒரு துளி நிஜம். கருவி தழும்பில் பட்டதும், அந்த மேசையில் உங்கள் இரண்டு காலும் உதறின. நான் பக்கத்தில்தான் நின்றேன். பிடிக்கவில்லை. இன்றுவரைக்கும் யார் காலையும் பிடித்து அழுத்த என் கை வந்ததில்லை, அத்தான்.