மழைக்கோட்டுப் பையிலிருந்த வலி மாத்திரை

போன வாரத்து மழைக்குக் காப்பி பூத்திருக்கிறது. இன்று காலை சன்னலைத் திறந்தால் சரிவு முழுக்க வெள்ளை. பூவின் வாசனையோடு, வெயிலில் உலர்த்தப் போட்டிருந்த உங்கள் மழைக்கோட்டின் தைல வாசனையும் வந்தது. நீங்கள் முன்னறையில்தான் இருக்கிறீர்கள் என்று ஒரு கணம் நம்பிவிட்டேன்.

அந்தக் கோட்டுப் பையில்தான் அன்று வலி மாத்திரைகளைக் கண்டெடுத்தேன். வாரம் ஒரு நாள் எஸ்டேட் வேலையாகச் சேலத்துக்கு இறங்குவீர்கள். கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் எங்கும் நிற்காது, சிறுநீர் கழிக்க இறங்க முடியாது என்று, இங்குள்ள பலரையும் போல அன்று முழுக்கத் தண்ணீரே குடிக்க மாட்டீர்கள். முழங்கால் வலிக்கு நாகலூர்க் கடையில் வாங்கிய மாத்திரையைக் கடுங்காப்பியோடு விழுங்கிவிட்டுக் கிளம்புவீர்கள். ஒரு மாலை, வீங்கிய பாதத்திலிருந்து ஷூ கழலவில்லை. சிறுநீரும் சரியாகப் போகவில்லை என்று அப்போதுதான் வாய் திறந்தீர்கள்.

மறுநாள் வீட்டிலிருந்த மாத்திரைகள் அத்தனையையும் பையில் போட்டு எடுத்துப்போய் டாக்டர் மேசையில் கொட்டினேன். அவர் கடை மாத்திரையைத் தனியே எடுத்தார்.

"தண்ணியும் குடிக்காம, பிரஷர் மாத்திரையோட இதையும் போட்டா கிட்னி எப்படிங்க தாங்கும்? இன்னியோட நிறுத்துங்க. இப்பவே வந்ததால தேத்திக்கலாம். முழங்காலுக்குத் தெனமும் கொஞ்சம் நடங்க."

"அப்ப வலிய யாருங்க தாங்கறது?" என்றீர்கள்.

"நானும் கூட நடக்கறனுங்க," என்றேன்.

"சரிங்க மதர்!" கான்வென்ட்டில் படித்து வந்த என் கண்டிப்புக்கு, அங்குள்ள கன்னியாஸ்திரீகளை நினைத்து நீங்கள் வைத்த பெயர் அது.

அந்த நடைகள் இன்னும் கனவில் வருகின்றன. சில்வர் ஓக் மரங்களுக்கிடையே மூடுபனி, உங்கள் கைத்தடி, என் தோளில் தண்ணீர் பாட்டில். வலி தாளாமல் நீங்கள் நின்ற இடத்திலெல்லாம் நானும் நின்றேன்.

"இந்தக் குளிர்ல தாகமே இல்ல அம்மிணி."

"தாகத்த யாருங்க கேட்டா? குடிங்க."

சிறுநீரகம் தேறியது. பிறகு எத்தனையோ காப்பிப் பூக்களை ஒன்றாகப் பார்த்தோம். கடைசியில், தூக்கத்தில் இதயம் நின்று போய்விட்டீர்கள். உங்கள் சிறுநீரகத்தை நான் விட்டுக்கொடுக்கவில்லை. அதில் எனக்குக் கர்வம் உண்டு.

இப்போது என் முழங்காலும் பிடித்துக்கொண்டது. "ஏனுங்கம்மா, ஐயா வாங்கறதுதானுங்க, தரட்டுங்களா?" என்றார் கடைக்காரர். வேண்டாமென்று சொல்லிவிட்டு, நேற்று நானே டாக்டரைப் பார்க்கக் கிளம்பினேன். நான் சாப்பிடும் மாத்திரைகள் எல்லாம் பையில். பஸ்ஸில் உட்கார்ந்ததும் அந்தப் பழைய பாட்டிலைத் திறந்தேன்.

"பெரியம்மா, கீழ போறவரைக்கும் நிக்காதுங்க," என்றார் கண்டக்டர்.

"நான் சொன்னா நிக்குமுங்க," என்று சொல்லிவிட்டு நிதானமாகக் குடித்தேன்.

முதல் வளைவில் பனி உள்ளே வந்தது. பக்கத்து இருக்கை காலியாகத்தான் இருந்தது. "சரிங்க மதர்" என்று யாரோ சிரித்தது எனக்கு மட்டும் கேட்டது.