பெயர்ப்பலகையில் சமையல்காரர் மெஹபூப் பாஷாவின் பெயர்

அனுப்புநர்:
ஆ. கிளாடிஸ்,
பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு,
வெள்ளைச்சாமி நினைவு மகளிர் உயர்நிலைப் பள்ளி,
மந்தைவெளி, சென்னை-28.

பெறுநர்:
மாவட்டக் கல்வி அதிகாரி அவர்கள்,
சென்னை.

பொருள்: போரில் உயிர்நீத்தோர் பெயர்ப்பலகை – விடுபட்ட பெயரைச் சேர்க்க வேண்டுதல்.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். வரும் சுதந்திர தின வெள்ளி விழாவன்று எங்கள் பள்ளியில் தாங்கள் ஒரு பெயர்ப்பலகையைத் திறந்து வைக்க இருக்கிறீர்கள். சென்ற டிசம்பர் போரில் இறந்த, எங்கள் மாணவியரின் தந்தையர், தமையன்மார் பெயர்கள் அதில் உள்ளன. மூன்று பெயர்கள் எழுதியாகிவிட்டது. நான்கு இருக்க வேண்டும். ஒன்று விடுபட்டதில் என் தவறும் உண்டு. ஆகவே நானே எழுதுகிறேன்.

1. என் கையெழுத்து திருத்தமாக இருக்கும் என்பதால் பட்டியல் எழுதும் வேலை எனக்குக் கிடைத்தது. என் வகுப்புத் தோழி அஃப்சருன்னிசாவின் தந்தை மெஹபூப் பாஷா இராணுவத்தில் சமையல்காரர். ‘பதவி’ என்ற கட்டத்தில் அப்படியே எழுதினேன். எப்படி இறந்தார் என்பதற்குக் கட்டம் இல்லை; நானும் எழுதவில்லை. விழாக் குழுவினர் ‘போர்வீரர் அல்லர்’ என்று சிவப்பு மையால் அடித்துவிட்டார்கள்.

2. மெஹபூப் பாஷாவின் மேலதிகாரி அவர் வீட்டுக்கு எழுதிய கடிதத்தைப் பிறகுதான் படித்தேன். கிழக்கு எல்லையில் முன்வரிசையில் இருந்தவர்கள் இரண்டு நாளாகச் சோறு காணவில்லை. போகச் சொன்னதும் அவர் பாத்திரத்தைத் தலையில் வைத்துக்கொண்டு போனார். பாதி வழியில் குண்டு பட்டது. மிச்சத் தூரம் இன்னொருவர் சுமந்திருக்கிறார். அன்று எல்லோரும் சாப்பிட்டார்கள் என்று கடிதம் முடிகிறது. நகல் இணைத்துள்ளேன்.

3. பெயர் அடிக்கப்பட்ட செய்தி வகுப்பில் பரவியது. “உங்கப்பா இன்னா, கரண்டியாலயா சண்டை போட்டாரு?” என்று ஒருத்தி கேட்டாள். அஃப்சருன்னிசா மறுநாளிலிருந்து பிரார்த்தனைக் கூட்டம் முடிந்த பிறகே பள்ளிக்கு வருகிறாள்.

4. உயிர்நீத்தோரை நாடு ஏன் போற்றுகிறது என்று ஆறாம் வகுப்புக்கு விளக்கும் பொறுப்பும் எனக்கே. அனுப்பிய இடத்துக்குத் தயங்காமல் போய், நமக்காகத் திரும்பாமல் போனவர்களை மறக்கக் கூடாது என்றேன். “அப்போ அஃப்சர் அக்காவோட அப்பா பேரு ஏன் இல்லக்கா?” என்று ஒரு சிறுமி கேட்டாள். மணி அடித்ததால் தப்பித்தேன்.

5. பதவியை விட்டுவிட்டு, படைப்பிரிவையும் எண்ணையும் மட்டும் எழுதிப் புதுப் பட்டியல் கொடுத்தால் குழு ஏற்றுக்கொள்ளும் என்று எனக்குத் தோன்றியது. அஃப்சருன்னிசாவின் தாயார் ஜமீலுன்னிசா அவர்களிடம் அனுமதி கேட்டேன். “வேணாம் கண்ணு. சமையல்காரர்னே எழுது. அது கூடாதுன்னா அவர் பேரே வேணாம்” என்று சொல்லிவிட்டார்கள். வெட்கத்தோடு திரும்பினேன்.

ஆகவே, ‘மெஹபூப் பாஷா, சமையல்காரர்’ என்று நான்காவது பெயராக எழுதும்படி தாங்கள் பள்ளிக்கு உத்தரவிட வேண்டுகிறேன். பலகையில் இடம் இருக்கிறது, அளந்து பார்த்தேன்.

இன்னும் ஒன்று. விழாவில் பலகையில் உள்ளவர்களின் குடும்பத்தாருக்கு முன்வரிசையில் நாற்காலி போடுகிறார்கள். அஃப்சருன்னிசாவை விருந்தினருக்குத் தண்ணீர் கொடுக்கும் குழுவில் சேர்த்திருக்கிறார்கள். தங்கள் உத்தரவு வந்தால் அவள் தாயாருடன் உட்கார வேண்டியிருக்கும். அவளுக்குப் பதிலாக நான் தண்ணீர் கொடுக்கிறேன்.

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும் மாணவி,
ஆ. கிளாடிஸ்

இடம்: மந்தைவெளி
நாள்: 3-8-1972