மெழுகிய கடல்

ஊர்காவற்றுறை
13 நவம்பர் 2023

அன்புள்ள தம்பி அமலதாசுக்கு,

நீ தொலைபேசியை எடுப்பதில்லை. அதனால் மகள் நிலக்சனாவைக் கொண்டு இதை மின்னஞ்சலில் அனுப்புகிறேன். அத்தான் சனிக்கிழமை பின்னேரம் தனியாகக் கடல் தொழிலுக்குப் போனவர், இன்னும் கரைக்கு வரவில்லை. இயந்திரம் நின்றிருக்கும் என்கிறார்கள். வாடை அடிப்பதால் படகு நெடுந்தீவுக்குத் தெற்கே இழுபட்டிருக்கும் என்று மீனவர் சங்கத் தலைவர் தம்பிராசா அண்ணை அங்கே போக ஆட்களைச் சேர்க்கிறார்.

வானத்திலிருந்து எடுக்கும் படங்களைப் பார்ப்பதுதானே உன் வேலை. எங்கள் கடலையும் ஒருக்கால் பார்த்துச் சொல். அவரோடு உனக்குள்ள கோபம் எனக்குத் தெரியும். எனக்காகப் பார்.

உன் அக்கா
ஜசிந்தா

ரொறன்ரோ
13 நவம்பர் 2023

அன்புள்ள அக்காவுக்கு,

இன்று அதிகாலை எடுக்கப்பட்ட ராடார் படம் கிடைத்தது. இப்படியான படம் உப்புத் தூவியது போலப் புள்ளி புள்ளியாக இருக்கும். அந்த இரைச்சலைக் குறைக்க, ஒவ்வொரு புள்ளியையும் சுற்றியுள்ள புள்ளிகளோடு கலந்து மென்மையாக்குவோம். முற்றம் மெழுகுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படிச் செய்து பார்த்தேன். நெடுந்தீவுக்குத் தெற்கே கடல் வெறுமையாக இருக்கிறது. அங்கே எண்ணெயை வீணாக்காமல் வேறு பக்கம் தேடச் சொல்லுங்கள்.

கேட்டது நீங்கள் என்பதால் பார்த்தேன். அப்பாவின் சவப்பெட்டியை நான் வந்து சேரும்வரை இன்னும் ஒரு நாள் மூடாமல் வைத்திருக்க அத்தானுக்கு மனம் வரவில்லை. விமான நிலையத்திலிருந்து நேரே சேமக்காலைக்கு, மூடிய புதைகுழிக்குப் போன அந்தக் காலை, ஒன்பது வருடமாகியும் எனக்கு மறக்கவில்லை. அதற்காக அவருக்குக் கேடு வரவேண்டும் என்று நான் நினைத்ததில்லை.

அமலதாஸ்

ஊர்காவற்றுறை
14 டிசம்பர் 2023

அன்புள்ள தம்பி,

படகு மட்டும் மூன்றாம் வாரத்தில் இந்தியக் கரையில் வெறுமையாக ஒதுங்கியது. அவர் போன நாளிலிருந்து எண்ணி, திங்களன்று முப்பத்தோராம் நாள் பூசை வைத்தோம். உடல் இல்லாததால் அவருடைய படத்தைப் பீடத்துக்கு முன்னால் வைத்தார்கள்.

நீ சொன்னதை ஒருவரும் தட்டவில்லை. எட்டுப் படகுக்கு எண்ணெய் ஏற்றி நின்ற தம்பிராசா அண்ணை, "படிச்ச பிள்ளை வானத்தில இருந்து பார்த்துச் சொல்லுது. நாங்கள் காத்தை மணந்து பார்த்தெல்லோ சொல்லுறம்" என்று சிரித்துவிட்டு, எல்லாவற்றையும் வடக்கே திருப்பினார்.

ஒன்றை இனி மறைக்க ஏலாது. பெட்டியை மூடச் சொன்னது நான். அப்பாவின் முகம் கறுத்துக்கொண்டு வந்தது. நீ அதைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தேன். தம்பி வரட்டும் என்று கடைசிவரை மறித்தவர் அத்தான். பிறகு அவர்தான், "நான் சொன்னதெண்டே இருக்கட்டும். அவன் உன்னோட கதைக்காமல் விட்டா நீ தாங்கமாட்டாய்" என்றார். நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

உன் அக்கா
ஜசிந்தா

ரொறன்ரோ
17 டிசம்பர் 2023

அக்கா,

நிலக்சனா இதை வாசிக்காமல் உங்களிடம் தரட்டும்.

உங்கள் கடிதம் வந்தபிறகு அந்தப் படத்தை மீண்டும் திறந்தேன், மென்மையாக்காமல். நெடுந்தீவுக்குத் தென்மேற்கே பதினொரு கிலோமீற்றரில் நான்கு வெள்ளைப் புள்ளிகள் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. ஒரு சிறு படகின் அளவு. வேறு யாருடைய படகாகவும் இருக்கலாம் என்று ஒரு நாள் முழுவதும் எனக்கே சொல்லிப் பார்த்தேன். படகு ஒதுங்கிய இடத்தையும் அன்றைய காற்றையும் வைத்துப் பார்த்தால், அது அவர்தான்.

நிலத்தை அளக்கும்போது படத்தை மென்மையாக்கலாம். சிறு படகைத் தேடுகிறவன் அதைச் செய்யக் கூடாது; தேடும் பொருளே அதில் அழிந்துவிடும். வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே இதைச் சொல்லிக் கொடுப்பவன் நான். வேறு யாருக்காக என்றாலும் மூலப்படத்தைப் பார்த்திருப்பேன். அவருக்குப் பத்து நிமிடம் போதும் என்று நினைத்தேன்.

மன்னிப்புக் கேட்கும் துணிவு எனக்கில்லை.

அமலதாஸ்

ஊர்காவற்றுறை
6 ஜனவரி 2024

அமலதாஸ்,

இதை நானே தட்டச்சு செய்கிறேன். பிழைகள் இருக்கும். நிலக்சனாவுக்கு ஒன்றும் தெரியாது.

தம்பிராசா அண்ணை ஒவ்வொரு பின்னேரமும் வந்து கதிரையில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போகிறார். நேற்று, "தெற்கால ஒருக்கா ஓடிப் பார்த்திருக்கலாமோ, பிள்ளை?" என்று கேட்டார். தம்பி பார்த்துச் சொன்னவன்தானே, அங்கே ஒன்றும் இருக்கவில்லை என்றேன். இனியும் அதையே சொல்வேன். அந்த மனிசனாவது நித்திரை கொள்ளட்டும்.

நிலக்சனாவுக்கு எழுது. அவளுக்கு மாமன் வேண்டும். எனக்கு இனி எழுதாதே.

அந்தப் படத்தை மட்டும் அனுப்பிவிடு. நீ மெழுகாத படத்தை. அந்த நாலு புள்ளியையும் நான் பார்க்க வேண்டும்.

ஜசிந்தா