லிஃப்ட் ஆவிக்கு எத்தனை மதிப்பெண்?

மார்ச் 3

மதிப்பிற்குரிய சக நடுவர் அவர்களுக்கு,

வணக்கம். நூலகத்தின் சிறுகதைப் போட்டிக்கு நீங்களும் நடுவர் என்பது நூலகரின் கடிதம் வந்த பிறகுதான் தெரியும். நாம் பிரிந்து இரண்டு வருடமாகிறது என்பது பாவம், அவருக்குத் தெரியாது.

பதினோராம் கதைக்கு நான் மூன்று, நீங்கள் ஒன்பது. இவ்வளவு வித்தியாசம் வந்தால் நடுவர்கள் கலந்துபேசி ஒரே மதிப்பெண் தர வேண்டுமாம். அதனால்தான் எழுதுகிறேன்.

லிஃப்டில் குடியிருக்கும் ஆவி, நாலாம் மாடித் தையல்காரியைக் காதலிக்கிறது. அவள் இன்னும் கொஞ்ச நேரம் உள்ளே இருக்கட்டும் என்று எல்லா மாடிப் பொத்தான்களையும் அழுத்திவிடுகிறது. அங்கே சிரித்தேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவள் வீட்டைக் காலி செய்துகொண்டு போகும்போது, கதவைப் பிடித்துக்கொண்டு வாயே திறக்காமல் நிற்கிறதே! அதற்கு முந்தைய பக்கத்தில்தானே வாட்ச்மேனோடு அரட்டை அடித்தது?

பல் ஆஸ்பத்திரியில் வேலை அதிகம். சீக்கிரம் பதில் போடவும்.

இப்படிக்கு,
இரண்டாம் நடுவர்

மார்ச் 8

அன்புள்ள கறார்க்காரிக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் பஸ் டிப்போவில் நின்றபடியே படித்துவிட்டேன். கண்டக்டர், "என்னண்ணே, யாருக்குக் கல்யாணம்?" என்றான்.

பேசாவிட்டால் ஆசை இல்லை என்று அர்த்தமா? அவள் தையல் மெஷின் இடிபடாமல் போகட்டும் என்றுதானே தோள் கொடுத்து நிற்கிறது? போகிறவளைத் தடுக்க அதற்கு என்ன உரிமை? எழுதியவருக்கு இதுதான் முதல் கதையாம். மூன்று போட்டால் பேனாவை மூடி வைத்துவிடுவார். நான் எட்டுக்கு இறங்குகிறேன். நீயும் கொஞ்சம் ஏறி வா.

முட்டி வலி எப்படி இருக்கிறது?

அன்புடன்,
முதல் நடுவர்

மார்ச் 12

முதல் நடுவருக்கு,

முட்டி பரவாயில்லை.

உரிமையைப் பற்றிக் கேட்டீர்கள். இந்த ஊரில் ஆஸ்பத்திரி வேலை கிடைத்து நான் கிளம்பிய அன்று, பெட்டிகளையெல்லாம் நீங்களே கட்டி, வேனில் ஏற்றிவிட்டு ஒன்றே ஒன்று சொன்னீர்கள்: "கயிறு அவுழாது." தெருமுனை திரும்பும்வரை வேன் கண்ணாடியில் உங்களையே பார்த்துக்கொண்டு போனேன். "போகாதே" என்று சொல்லியிருந்தாலும் போயிருப்பேன். ஆனால் வாராவாரம் வந்திருப்பேன். தொலைந்தது சனியன் என்று நினைத்துவிட்டீர்கள் என்றல்லவா இருந்துவிட்டேன்?

மூன்று, மூன்றுதான்.

இரண்டாம் நடுவர்

மார்ச் 17

அன்புள்ள உனக்கு,

நேற்று லீவு போட்டுவிட்டுக் கதையை மறுபடி படித்தேன். நீ சொன்னது சரி. அது சொல்லியிருக்க வேண்டும்.

அன்று வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று பயம். வேன்காரர் வேறு பக்கத்தில் நின்றார். அதற்குப் பிறகு போன் செய்ய நினைத்த ஒவ்வொரு நாளும், இவ்வளவு தாமதமாகவா என்று வெட்கம். நீ இல்லாத வீட்டுக்குப் போகப் பிடிக்காமல் அடுத்தவன் டூட்டியையும் சேர்த்து ஓட்டுகிறேன்.

உன் வேலையை விட்டுவிட்டு வா என்று கேட்கவில்லை. உன் ஊர் டிப்போவுக்கு மாற்றல் கேட்கலாம் என்றிருக்கிறேன். அதற்கு முன்னால் உன்னைக் கேட்க வேண்டும். நான் வரலாமா?

கதைக்கு நீ போடுவதே என் மதிப்பெண்.

உன்,
முதல் நடுவர்

மார்ச் 21

அன்புள்ளவருக்கு,

ஆறு போட்டு அனுப்பிவிட்டேன். "முதல் பாதி அருமை. ஆவியைப் பேசவிட்டு மறுபடி எழுதுங்கள், படிக்கக் காத்திருக்கிறோம்" என்று அந்த எழுத்தாளருக்கு ஒரு குறிப்பும் வைத்தேன். நம் இருவர் பெயரிலும்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு. மருந்துக்கடைக்கு மேலே, இரண்டாம் மாடி. பெல் ரிப்பேர். கதவைத் தட்டுங்கள். குக்கர் சத்தத்தில் காதில் விழாவிட்டால் இன்னும் பலமாகத் தட்டுங்கள். அக்கம்பக்கத்தார் எட்டிப் பார்த்தால் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி