நீ எழுதிய சின்னக் குறிப்புகள்

மகனுக்கு அம்மா எழுதுவது. நான் உயிரோடு, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறேன். நீயும் அப்படியே இருப்பாய், வேளைக்குச் சாப்பிடுவாய் என்று நம்புகிறேன். நலம் விசாரிப்பது இதோடு முடிந்தது. மூன்று வாரமாக நீ போன் செய்கிறாய், நான் எடுக்கவில்லை. எடுத்தால் நடுவில் பேசுவாய், "அம்மா, நான் சொல்றதக் கேளு" என்பாய், நானும் பெற்ற பாசத்தில் கேட்டுத் தொலைப்பேன். கடிதத்தில் அந்த வம்பு இல்லை. உட்கார்ந்து கடைசி வரி வரை படி.

நடந்ததில் உனக்குப் பாதிதான் தெரியும். அன்று செவ்வாய்க்கிழமை, மதியம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணாடிக்கடைப் பின்னறையில் லென்ஸ் விளிம்பு தேய்த்துக்கொண்டிருந்தேன். அந்த மிஷின் ஓடும்போது முன்னால் யார் வந்தாலும் காதில் விழாது. முதலாளியம்மா கதவைத் தட்டி, "ஒருத்தர் பிரேம் கால் கழண்டு வந்திருக்கார், நீங்கதான் சரி பண்ணணுமாம், தெரிஞ்சவர்னு சொல்றார்" என்றார். கையைத் துடைத்துக்கொண்டு வந்தேன். கண் பரிசோதிக்கிற நாற்காலியில் உன் அப்பா உட்கார்ந்திருந்தார். நாலு வருஷத்தில் ரெண்டு வீடு, ஒரு ஊர், ஒரு போன் நம்பர், இத்தனையும் மாற்றிவிட்டு வந்தவள் நான். அவர் அந்த நாற்காலியில் ஏதோ பல வருஷமாக அங்கேயே இருப்பவர் போலச் சாய்ந்திருந்தார். சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போடுகிற ஆளே இல்லை என்பது உனக்குத் தெரியும், கதவைச் சாத்திவிட்டு மெதுவாகப் பேசுகிற ஆள். என் இடது கைச் சுண்டுவிரல் இன்றும் மடங்காததற்கும் அப்படி ஒரு மெதுவான பேச்சுதான் ஆரம்பம், நீ அடுத்த அறையில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாய். கண்ணாடியை நீட்டிக்கொண்டே கேட்டார், "புது ஃபேன்ல காத்து நல்லா வருதா? டயர்க்கடைக்கு மேலன்னா ரப்பர் நாத்தம் அடிக்குமே, ஜன்னலத் திறக்க முடியுதா?" முதலாளியம்மா சொந்தக்காரர் என்று நினைத்துச் சிரித்தார். நான் பிரேமை வாங்கி ஸ்க்ரூ மாட்டினேன். ஏன் மாட்டினேன் என்று இன்றுவரை எனக்கே புரியவில்லை. கை அதுபாட்டுக்கு வேலை செய்தது. அவர் போட்டுப் பார்த்தார், கண்ணாடியில் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், "நம்ம பையன் எல்லாத்தையும் எழுதித்தான் அனுப்புறான், நல்ல பிள்ளை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கடைக் கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டுதான் உனக்குப் போன் அடித்தேன். அன்றைக்கு நான் சொன்ன வார்த்தை உனக்கு ஞாபகம் இருக்கும், இங்கே மறுபடி எழுத மாட்டேன். நீ "சத்தியமா நான் ஒரு வார்த்தை சொல்லலம்மா" என்று அழுதாய். நான் நம்பாமல் வைத்துவிட்டேன். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் டயர்க்கடைக்காரர், போன மாதமே ஒரு ஆள் ரெண்டு தரம் வந்து மாடியில் வீடு காலியா என்று விசாரித்ததாகவும், மாடிப்படிக்குப் பின்பக்கம் வழி உண்டா என்று கேட்டதாகவும் சொன்னார். அப்புறம் நான் எங்கே தூங்க.

மறுநாள் கடை திறக்கும் முன் முதலாளியம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் என் போனை வாங்கி, நீ பணம் அனுப்புகிற அந்த ஆப்பைத் திறந்து தள்ளித் தள்ளிப் பார்த்தார். எனக்கு வந்த காசைப் பார்க்க மட்டும்தான் தெரியும், அதற்குள் இன்னொரு பக்கம் இருப்பதே எனக்குத் தெரியாது. "என்னங்க இது, உங்க பையன் உங்களுக்கு அனுப்புறது பூரா எல்லாரும் பாக்குற மாதிரி இருக்கு" என்றார். எவ்வளவு என்றுதான் தெரியாது, மற்றபடி யார், யாருக்கு, என்ன தேதி, என்ன குறிப்பு, எல்லாம் கடை வாசலில் தொங்கவிட்ட போர்டு மாதிரி. உன் போனில் நம்பர் இருக்கிற அத்தனை பேருக்கும் அந்தப் பக்கம் தானாகவே போய்ச் சேருமாம். உன் போனில் உன் அப்பா நம்பர் இருக்கிறது. முதலாளியம்மா ஒவ்வொன்றாக வாசித்தார், நான் ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டேன். "புது வீட்டு அட்வான்ஸ், இனி நிம்மதி." "கண்ணாடிக்கடையில முதல் சம்பளம் வர்ற வரைக்கும்." "டயர்க்கடை மாடிக்கு ஒரு ஃபேன்." "பஸ் டிப்போவிலிருந்து நடந்து வராதே, வண்டி வெச்சுக்கோ." ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சிரிக்கிற மூஞ்சி. பதினொன்று இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், அவை வந்தபோது நானும் டீ குடித்துக்கொண்டே ரெண்டு மூன்று தரம் படித்துச் சிரித்தவள்தான், வேலைக்குப் போகிற வழியில் நினைத்து நினைத்துச் சந்தோஷப்பட்டவள்தான். அந்தப் பதினொன்றையும் வரிசையாக வைத்தால் ஒரு மனுஷன் என் வாசற்படி வரை நடந்து வரலாம். அப்படித்தான் வந்தார்.

உன்னிடம் முதலாளியம்மாவே பேசினார், நீ அவரிடம் சொன்னதை அப்படியே என்னிடம் சொன்னார். "அது தானாவே அப்படித்தான் வரும் ஆன்ட்டி, நான் எதையும் மாத்தல." உண்மை. நீ எதையும் மாற்றவில்லை. நான் பேர் தவிர எல்லாவற்றையும் மாற்றினேன், நீ ஒரு பட்டனை மாற்றவில்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறவன், ஊரில் உள்ள கிழடுகளுக்கெல்லாம் போனில் சொல்லிக்கொடுக்கிறவன், உனக்கு இதைத் திறந்து பார்க்க ஒரு நிமிஷம் கிடைக்கவில்லை.

அதோடு நின்றதா என்றால் இல்லை. அந்த ஆப்பில் உன் பக்கத்தைத் திறந்து என் பேரைத் தொட்டாலே யாரும் எனக்குக் காசு அனுப்பலாமாம், நம்பர்கூட வேண்டாம். அந்த வாரமே உன் அப்பாவிடமிருந்து எனக்குக் காசு வர ஆரம்பித்தது. இருப்பதிலேயே சின்னத் தொகை, ஒரு தீப்பெட்டிகூட வாங்க முடியாது. காசு பெயருக்குத்தான், கூட வருகிற குறிப்புதான் சரக்கு. "இன்னைக்கு நீலச் சேலையா." "மூணு நாளா விளக்கே எரியல, எங்க தங்குற." "கீழ நிக்கிறேன்." போனில் அவரைத் தடுக்கலாம், குறுஞ்செய்தியில் தடுக்கலாம், காசு தருகிறவனைத் தடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை பார். ஆப்காரர்களுக்குப் புகார் எழுதினோம். பணம் உங்கள் கணக்கில் பத்திரமாகச் சேர்ந்துவிட்டது, இழப்பு ஏதும் இல்லை, உங்கள் திருப்திக்கு எத்தனை நட்சத்திரம் என்று பதில் வந்தது. காவல் நிலையத்தில் முன்மேஜைக்காரர், "காசு குடுத்தாரு, எடுக்கலையே, இதுல என்னம்மா கேஸு" என்றார். முதலாளியம்மா அசையவில்லை. எல்லாக் குறிப்பையும் தேதியோடு காகிதத்தில் அச்செடுத்து, உள்ளே உட்கார்ந்திருந்த பெண் அதிகாரியின் மேஜையில் வைத்தார். அந்த அம்மா கடைசிக் காகிதம் வரை படித்துவிட்டு, "இவரே கையெழுத்துப் போட்டுக் குடுத்த மாதிரில்ல இருக்கு" என்று சொல்லி அன்றைக்கே புகார் எழுதிக்கொண்டார். போன வெள்ளிக்கிழமை உன் அப்பாவைக் கூப்பிட்டு வைத்துப் பேசி, நான் இருக்கிற தெருவிலோ வேலை பார்க்கிற இடத்திலோ கால் வைத்தால் உள்ளே போக வேண்டும் என்று எழுதி வாங்கியிருக்கிறார்கள். பயம் போய்விட்டதா என்று கேட்காதே. படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டால் இன்னும் எழுந்து போய்த் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்க்கிறேன்.

இனி நீ செய்ய வேண்டியது. அந்தப் பக்கத்தை உனக்கு மட்டும் தெரிகிற மாதிரி மாற்று. புதியதை மாற்றினால் பழையது மாறாதாம், அதைத் தனியாக மூட வேண்டுமாம், முதலாளியம்மா சொன்னார். அதையும் செய். யாருக்குக் காசு அனுப்பினாலும் குறிப்பில் ஊர், தெரு, வீடு, வேலை என்று எதையும் எழுதாதே, ஒரு புள்ளி வைத்தால் போதும். தெரியாதவன் தவறி அனுப்பிவிட்டேன், திருப்பி அனுப்பு என்றாலும் அனுப்பாதே, முதலாளியம்மாவின் தம்பி அப்படித்தான் ஏமாந்தாராம். எனக்கு இனி அதில் எதுவும் அனுப்பாதே, நான் அந்த ஆப்பையே எடுத்துவிட்டேன்.

இப்போது, ஏன் மூன்று வாரம் போனை எடுக்கவில்லை என்பது. நீ காட்டிக்கொடுக்கவில்லை என்று தெரிந்ததும் எனக்கு வெட்கமாகப் போயிற்று. பெற்ற பிள்ளையைப் போய் அப்படிச் சொன்னோமே என்று உன்னிடம் மன்னிப்புக் கேட்கப் போனைக் கையில் எடுத்துவிட்டேன். அப்போது முதலாளியம்மா, "இருங்க, ஒவ்வொண்ணுக்கும் கீழ கட்டைவிரல் காட்டியிருக்கே, யாரு இது?" என்றார். உன் அப்பா பேர். பதினொன்றுக்கும். யாராவது கட்டைவிரல் காட்டினால் அனுப்பியவன் போனில் மணி அடித்துச் சொல்லுமாம். ஆக, பதினொரு தரம் உன் போன் உன்னிடம் சொல்லியிருக்கிறது. நீ பார்த்திருக்கிறாய். போன வருஷம் என்னிடம் "அப்பா இப்ப மாறிட்டார்ம்மா" என்று எதை வைத்துச் சொன்னாய் என்று இப்போதுதான் எனக்குப் புரிகிறது. அம்மாவுக்குச் செய்வதைப் பார்த்து அப்பா சந்தோஷப்படுகிறார் என்று நினைத்திருப்பாய். உனக்கு அப்பா வேண்டும், அதை நான் ஒருநாளும் தப்பென்று சொன்னதில்லை, நீ அவரோடு பேசுவதையும் தடுத்ததில்லை. ஆனால் ரெண்டு பேரையும் ஒரே கையில் பிடித்துக்கொள்ள ஆசைப்பட்டு என்னைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தாய். அது உனக்குத் தெரியாமல் நடந்தது என்று சொல்லாதே. அந்தக் கட்டைவிரலைப் பார்த்தபோது உனக்கு ஒரு நொடியாவது உறுத்தியதா, இல்லையா? அதை மட்டும் எழுது. வேறு சமாதானம் எதுவும் வேண்டாம்.

நான் வீடு மாறிவிட்டேன், வேலையும் மாறிவிட்டேன். உறையின் பின்னால் முகவரி இல்லாததைப் பார்த்திருப்பாய். அது மறதி இல்லை. உன் பதிலை முதலாளியம்மா பேருக்கு அனுப்பு, அவருக்குத் தோன்றும்போது என்னிடம் சேர்ப்பார்.

உடம்பைப் பார்த்துக்கொள். கடைவாய்ப் பல்லைத் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டு. எந்தக் குறையும் இல்லாமல் நூறு வயது இரு, எனக்கு எவ்வளவு கோபம் இருந்தாலும் இது மட்டும் வாயில் வேறு மாதிரி வராது.

இப்படிக்கு,
இன்னும் உனக்கு அம்மாவாகவே இருக்கிற
அம்மா