பிப்ரவரிக்கு முன் ஒருமுறை

ராயபுரம்
14 டிசம்பர் 2024

என் கண்ணு ஜானட்டுக்கு,

அம்மா முத்தத்தோடு எழுதுவது. நீ இருப்பது அடைப்பு மடம், போன் கிடையாது. திருவருகைக் காலத்தில் கடிதமும் தர மாட்டார்கள், கிறிஸ்துமஸுக்குத்தான் இதைப் பிரிப்பாய். தெரிந்தும் எழுதுகிறேன்.

இன்று உட்கார நேரமில்லை. காலையில் கோயில் ஹாலில் நம் தெரு ஜெபக்குழுவான அன்பியத்துப் பெண்கள் எல்லோரும் கூடி, பிரசவ ஆஸ்பத்திரிக் குழந்தைகளுக்குக் கம்பளித் தொப்பி பின்னினோம். பக்கத்தில் ஆண்கள் கிறிஸ்துமஸ் குடிலுக்கு மூங்கில் பிளந்துகொண்டிருந்தார்கள், ஒரே சத்தம். விம்கோ நகரிலிருந்து ஜெமிமா என்று புதிதாக ஒருத்தி வருகிறாள். வெள்ளை மனசு. பின்னிக்கொண்டே கேட்டாள்.

"யக்கா, உன் பொண்ணு கிறிஸ்துமஸுக்கு வருமா?"

"வராதும்மா. அந்த மடத்துக்குள்ள போனா வெளிய வரமாட்டாங்க."

"நீ செத்தாகூடவா?"

ஹாலில் எல்லோரும் அவளை முறைத்தார்கள். நான் தலையை மட்டும் ஆட்டினேன். அதற்குப் பிறகு நான் பின்னியது எல்லாமே தப்பு, பிரித்துவிட்டேன்.

மத்தியானம் நானும் உன் அண்ணி ரேகாவும் கேக் மாவு கலந்தோம். உன் அண்ணன் ஜோபினின் பாப்பா மாவில் கையை விட்டு நக்கிக்கொண்டே, "அத்த எப்டி இருக்கும் ஆயா?" என்றாள். உன் போட்டோவைக் காட்டினால், "இது பழசு, இப்ப எப்டி இருக்கும்?" என்கிறாள். என்ன சொல்ல?

தட்டுகளை அப்பாதான் அய்யாத்துரை அண்ணாச்சி பேக்கரிக்கு எடுத்துப் போனார். ஊரே அங்கே கொண்டுபோய் சுடுவதால் தட்டில் பேர் எழுதி ஒட்டுவார்களே, அண்ணாச்சி பேர் கேட்டதும் இவர் "ஜானட்" என்றாராம்.

"என்ன சிலுவ, மவ வந்துட்டாளா?"

"வர்ல அண்ணாச்சி. வாய்ல வந்துகிச்சு. நீ அதயே எழுது."

கூடப் போன ரேகா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்பா வந்து தட்டுகளை மேசையில் வைத்தார், கடற்கரைப் பக்கம் போய்விட்டார். கேக்கை இன்னும் யாரும் வெட்டவில்லை.

பிப்ரவரியில் நீ சாகும்வரை மடத்திலேயே இருப்பதாக நித்திய வார்த்தைப்பாடு கொடுக்கிறாய். அதன் பிறகு கேட்கவே முடியாது, அதனால் இப்போது கேட்கிறேன். அதற்கு முன் ஒருமுறை வீட்டுக்கு வந்து போயேன். ஒரு நாள் போதும். "கம்பிக்குப் பின்னால என் பொண்ண பாக்க நா வரமாட்டேன்" என்று இத்தனை வருஷமாக வீம்பு பிடிக்கிற அந்த மனுஷனுக்காகவாவது வா. மதரிடம் கேட்டுப் பார்.

உன் அம்மா,
டோரதி


28 டிசம்பர் 2024

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தை நள்ளிரவுப் பூசை முடிந்த மறுநாள் கொடுத்தார்கள். ஜெமிமா அக்காவைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். அவர் கேட்டது நானும் என்னையே கேட்டுக்கொண்டதுதான்.

மதரிடம் சொன்னேன். "போய் வா, நான் தடுக்கவில்லை" என்றார். அவர் மறுத்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மூன்று நாள் யோசித்தேன். அம்மா, நான் வரவில்லை.

வந்தால் திரும்ப மாட்டேன் என்று பயம். இந்த வாழ்க்கை பிடிக்காமல் அல்ல. நீங்கள் வாசலில் நின்று பார்ப்பீர்கள், அதைத் தாண்டி வர என்னால் முடியாது. இங்கே நாங்களும் அடுப்படியில் அப்பம் சுடுகிறோம், பூசைத் துணிக்குப் பூ தைக்கிறோம். மாவு வாசனை வரும்போதெல்லாம் நான் வீட்டில்தான் இருக்கிறேன். அதை யாரிடமும் சொன்னதில்லை.

பிப்ரவரி இரண்டாம் தேதி வார்த்தைப்பாடு, வாருங்கள். அப்பாவைக் கட்டாயப்படுத்த வேண்டாம். வந்தால் சந்தோஷம் என்று மட்டும் சொல்லுங்கள்.

பாப்பாவிடம், அத்தைக்குக் கொஞ்சம் நரைத்திருக்கிறது என்று சொல்லுங்கள்.

உங்கள் மகள்,
ஜானட்


ராயபுரம்
6 பிப்ரவரி 2025

என் செல்ல மகளுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தோம். ரயிலில் இடம் கிடைத்தது.

அப்பா வருவார் என்று நான் நினைக்கவே இல்லை. கிளம்பிய அன்று விடியும்முன் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு நின்றார். "கூட்டினு வந்துடுவேன் பாரு" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். உன்னிடம் என்ன பேசுவது என்று அவர் ஒத்திகை பார்த்ததை நான் கேட்டேன்.

ஆனால் வார்த்தைப்பாட்டுப் பூசைக்கு முன் உன்னைப் பார்க்கக் கம்பிக்கு முன்னால் உட்கார்ந்ததும், ஹார்பரில் புதிதாக வந்த கிரேன், நம் தெருவில் தோண்டிப்போட்ட பள்ளம், பாப்பாவின் பல் என்று கதை பேசினார். நீ வாய்விட்டுச் சிரித்தாய். நேரம் முடியும்வரை, வந்த விஷயத்தை அவர் வாயே திறக்கவில்லை. எனக்கும் பேச இடம் கொடுக்கவில்லை.

பூசை முடிந்து வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் கேட்டேன். "இன்னாங்க, கூப்பிடவே இல்ல?"

பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நீ அவ மூஞ்ச பாக்கலயா டோரதி? நம்ம வூட்ல இருந்தப்போ இப்டி ஒரு நாளு சிரிச்சிகிறாளா? எந்த வாயால வாடின்னு கூப்பிட சொல்ற?"

அப்புறம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நானும் அழுதேன்.

அவர் சொன்னது சரிதான். உன்னை இனி நான் கூப்பிட மாட்டேன், ஜானட். நிம்மதியாக இரு.

பஸ் வந்ததும் அவர் ஏறிவிட்டார். நான் படியில் கால் வைக்கும்போது மடத்துக்குள்ளே மணி அடித்தது. ஜெபத்துக்கு நீ எழுந்து போயிருப்பாய். அந்த மணி ஓயும்வரை நிற்கலாம் என்று பார்த்தேன், கண்டக்டர் விடவில்லை.

அம்மா